கோட்டுக்குப் பின்னால் போன கை

1

கடலூர் முதுநகரில் சின்னதாக ஒரு மாதப் பத்திரிகை நடத்தும் நண்பன் ஒருவன் மூன்று மாதமாக என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறான். "கனடா போயி எட்டு வருஷம் ஆவுது. எதுனா எழுதுடா" என்கிறான். பனி, மேப்பிள் இலை, தமிழ்க்கடையில் விற்கும் வாடிப்போன முருங்கைக்காய், இதையெல்லாம் எதிர்பார்க்கிறான் போலிருக்கிறது. அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது வேறு. இன்று வேலைக்கும் போகவில்லை. காய்ச்சல் என்று போனில் பொய் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

2004 செப்டம்பரில் நானும் மனைவி மல்லிகாவும் ஏழு வயது மகள் கயலும் இங்கே வந்திறங்கினோம். டொரண்டோவுக்கு மேற்கே ஒரு ஊர். செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனி லேபில் கெமிஸ்டாக இருந்தவன், இங்கே பெயின்ட் கிடங்கில் டப்பா அடுக்குகிறேன். கெமிஸ்டாக இருந்தேன் என்று சொன்னால் இங்கே யாரும் சிரிப்பதில்லை. "ஓ, நைஸ்" என்பார்கள். அந்த நைஸைவிடச் சிரித்துத் தொலைக்கலாம்.

ஊரில் எனக்கு இன்னொரு பேர் இருந்தது. கீப்பர் செல்வா. கார்க் பந்து கிரிக்கெட்டில் கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எந்த மேட்ச் என்றாலும் ஸ்டம்புக்குப் பின்னால் நான்தான். என் கைக்கு வந்த பந்து சத்தம் போடாது. கிளவுஸில் டப்பென்று சத்தம் கேட்டால் அது பிடித்த பந்தல்ல, மாட்டிக்கொண்ட பந்து என்பது என் கொள்கை. பந்து வரும்போது கையும் அதோடு சேர்ந்து கொஞ்சம் பின்னால் போகவேண்டும். வந்த வேகத்தைக் கை வாங்கிக்கொண்டு போய்ப் பின்னால் வைக்கவேண்டும். அப்போதுதான் பந்து தெறிக்காது. வாழ்க்கையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான். அதை வைத்துத்தான் பெற்ற மகளின் ஆட்டத்தைக் கெடுத்தேன்.

2

கயல் பத்து வயதில் ஐஸ் ஹாக்கி ஆட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துத் தோழிகளின் அணிக்குக் கோல்கீப்பர் இல்லையாம். குண்டாக இருக்கிறாளே, நின்றால் இடம் அடைபடும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவளும் போய் நின்றுவிட்டாள். முதல் வருஷம் பார்க்கச் சகிக்காது. இரண்டாம் வருஷத்தில் ஒரு மாதிரி தேறினாள். மூன்றாம் வருஷத்தில் எதிரணிப் பெற்றோர் இவள் யார் பெண் என்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஆடுவது. பந்து கிடையாது. பக் என்று ஒரு ரப்பர் வட்டு, உறையவைத்துக் கல்லாக்கியிருப்பார்கள். அது கார்க் பந்தைவிட வேகமாக வரும். கோல்கீப்பருக்கு இரண்டு காலிலும் தலையணை மாதிரி பேடு, ஒரு கையில் பிடிக்கிற கிளவுஸ், இன்னொரு கையில் பலகை வைத்த உறையும் மட்டையும். தடுப்பது பெரிய விஷயமில்லை. தடுத்த பிறகு அது எங்கே போய் விழுகிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. பேடில் பட்டு நேரே முன்னால் விழுந்தால் அங்கே ஒருத்தி காத்திருப்பாள். ஒரு தட்டு தட்டினால் கோல். அப்படித் திரும்பி வருவதைத்தான் ரீபவுண்ட் என்கிறார்கள்.

கயலின் கோச் பெயர் கேரன். ஐம்பது வயது இருக்கும். ஒரு காலத்தில் அவளும் கோல்கீப்பர்தான். இரண்டு முட்டியும் போய்விட்டதால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதற்கே முனகுவாள். அவள் சொல்வது இதுதான்: முதல் அடி உள்ளே போனால் அணியைக் கேட்பேன், இரண்டாம் அடி உள்ளே போனால் உன்னைத்தான் கேட்பேன். தரையோடு வருவதை மட்டையைச் சாய்த்து மூலைக்கு அனுப்பு. காலுக்கு வந்தால் பாதத்தைத் திருப்பி ஓரத்துக்குத் தள்ளு. பலகைக் கையில் பட்டால் மணிக்கட்டை வெளியே திருப்பு. நெஞ்சுக்கு வந்தால் தோளைக் குறுக்கி, வயிற்றை உள்ளே இழுத்து அப்படியே விழுங்கிவிடு. கிளவுஸ் எப்போதும் உடம்புக்கு முன்னால் இருக்கட்டும். உன் கண்ணுக்கு முன்னால் வைத்துப் பிடி.

மற்றதெல்லாம் கயலுக்கு வந்துவிட்டது. கிளவுஸ் மட்டும் வரவில்லை. பட்டுத் தெறித்து முன்னால் விழும். போன வசந்த காலத்தில் கேரன் எங்களை உட்காரவைத்துச் சொன்னாள். மாவட்டத்துப் பெரிய பெண்கள் அணிக்கும் நான்தான் ஆள் எடுக்கிறேன், அதில் ஒரு கோல்கீப்பர் இடம் காலியாகிறது. கயலின் கால் அந்த அணிக்குப் போதும், கை போதாது. ஜூலையில் இரண்டு வாரம் நானே கோல்கீப்பர்களுக்கு முகாம் நடத்துகிறேன், அனுப்புங்கள், செப்டம்பரில் தேர்வுக்கு வரட்டும்.

அந்த அணிக்குப் போனால் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். கயல் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பதினைந்து வயதில் எதையும் 'பரவால்ல' என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகிற பெண், அந்த ஒரு இடத்துக்கு மட்டும் உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தாள்.

3

ஜூலையில்தான் என் அக்கா விஜயா மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். அக்காவைக் குமராட்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கல்யாணம் சிதம்பரத்தில். ஆனி கடைசி முகூர்த்தம். அதை விட்டால் ஆடி வந்துவிடும்.

"தாய்மாமன் இல்லாம எம்பொண்ணு மணையில ஒக்காரணுமாடா?" என்று போனிலேயே அழுதாள். வருகிறேன் என்றேன். அது சரிதான். தாய்மாமன் புடவை எடுத்துக்கொண்டு போய் நிற்காத கல்யாணம் எங்கள் பக்கத்தில் கல்யாணமே இல்லை.

கயல் கேட்டாள்: "நீங்க மட்டும் போயிட்டு வாங்கப்பா. நானும் அம்மாவும் இங்க இருக்கோம். எனக்கு கேம்ப் இருக்குல்ல."

மல்லிகாவும் அதையேதான் சொன்னாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நான் ஒத்தையா போயி நின்னா, பொண்டாட்டி புள்ளைங்க வுட்டுட்டுப் போயிடுச்சான்னு ஊர்ல ஒவ்வொருத்தனும் கேப்பான். பதில் யாரு சொல்றது, ஒன் கோச்சா?" என்று கத்தினேன். பிறகு சமாதானமாக, "ஒன் கையில இன்னா கோளாறுன்னு எனக்குத் தெரியும். கேரனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். ஊர்ல வெச்சி நான் சரி பண்றேன். இது அப்பாவோட ஏரியா" என்றேன்.

கயல் என்னை நம்பினாள். அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. முறைத்துக்கொண்டு வந்திருந்தாள் என்றால்கூடப் பரவாயில்லை. "நெஜமாவா?" என்று கேட்டுவிட்டு, கிளவுஸைத் துணியில் சுற்றித் தன் பெட்டிக்குள் முதல் பொருளாக வைத்தாள்.

இங்கே ஒவ்வொரு வருஷமும் பெற்றோரிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். கோச் சொல்லாமல் பிள்ளைக்குத் தனியாக ஆட்டம் சொல்லிக்கொடுக்கமாட்டேன் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிற காகிதங்களில் அதுவும் ஒன்று. அந்த வரியை மல்லிகாதான் எனக்குக் காட்டினாள். "இதெல்லாம் சும்மா" என்றேன்.

4

ஜூலையில் கடலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் அடித்த புயலில் எங்கள் தெருவில் ஒரு மரம் மிச்சமில்லை. மொட்டை மாடியில் முன்பு வேப்பமரம் கிளை போட்டிருந்த இடத்தில் வானம்தான் இருந்தது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் வெந்தாலும் மாடியில் வெந்தாலும் ஒன்றுதான் என்று கயலை மாடிக்கு ஏற்றினேன்.

பந்து போட பாஷாவைக் கூப்பிட்டேன். பாஷா கிள்ளைக்காரன். என்னோடு அதே கம்பெனியில் வேலை பார்த்தவன், எங்கள் அணியின் வேகப்பந்து. இப்போது முதுநகரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். தொப்பை விழுந்துவிட்டது, ஆனால் கை அப்படியே இருக்கிறது.

முதல் நாள் கயல் கீழே போய்க் கொஞ்சம் கோலமாவு எடுத்துவந்தாள். தான் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி நேராக ஒரு கோடு போட்டாள்.

"இது எதுக்கு?"

"கோல் லைன்ப்பா. கை இதத் தாண்டிப் போயிடக் கூடாது. கிளவுஸுக்குள்ள பக் இருந்தாலும், லைனத் தாண்டிட்டா கோல் குடுத்துடுவாங்க."

ஆரம்பித்தோம். பாஷா போடுகிறான், கயல் பிடிக்கிறாள். டப், டப் என்று சத்தம். பாதிக்கு மேல் தெறித்து விழுகிறது. "கைய பந்தோட அனுப்பு" என்றேன். அனுப்பினாள். அனுப்பும்போதெல்லாம் பின்னால் திரும்பிக் கோட்டைப் பார்த்தாள். அடுத்த பந்து தோளில் பட்டது. ஐந்தாவது தடவை திரும்பியபோது நான் போய் அந்தக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தேன்.

"பின்னால பாக்காத. பந்தப் பாரு."

"லைன் இல்லாம எனக்கு எப்டி தெரியும்?"

"மொதல்ல புடிக்கக் கத்துக்கோ. அப்புறம் கோட்டப் பத்திப் பேசலாம்."

இங்கேதான் நான் ஒரு மடையன். விக்கெட் கீப்பருக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. வெறும் தரை, தூரத்தில் பவுண்டரி. கை எவ்வளவு பின்னால் போனாலும் அவுட் அவுட்தான். ஹாக்கிக் கோல்கீப்பருக்குக் காக்கவேண்டியது எல்லாமே பின்னால்தான் இருக்கிறது. ஒரு பதினைந்து வயதுப் பெண் கோலமாவில் வரைந்து காட்டிய பாடம் அது. நான் அதன்மேல் கால் வைத்துத் தேய்த்தேன்.

ஒரு பந்து விழுந்தால் பத்து பந்து கூடுதல் என்று விதி வைத்தேன். நாலாவது நாள் அவளுடைய நடுவிரல் நீலமாக வீங்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு திரும்ப வந்து நின்றாள். பாஷா பந்தைத் தரையில் வைத்துவிட்டான்.

"போதும் செல்வா. புள்ள வெரலப் பாத்தியா?"

"இன்னா பாஷா, வயசாயிடுச்சா?"

"எனக்கு ஆயிடுச்சு. ஒனக்குத்தான் இன்னும் ஆவல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளப் போனேன், கடைக்குள் யாருடைய போனையோ பிரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவன் போன பிறகு நானே எறிந்தேன். இன்னும் கிட்டத்தில் நின்று எறிந்தேன்.

"ஒன் கூட போட்டிக்கு வர்ற புள்ளைங்க ஒவ்வொண்ணும் குதுர மாரி இருக்குது. அதுங்க அப்பன் பாட்டன் எல்லாம் ஐஸ்லயே பொறந்தவங்க. ஒனக்கு இருக்கறது நான் ஒருத்தன்தான். வலிக்குதுன்னா சொல்லு, கீழ போயி பூ தொடுக்கலாம்" என்றேன்.

"வலிக்கல" என்றாள் கயல்.

5

நடுவில் கல்யாணம் வந்தது. சிதம்பரம் கீழவீதியில் மண்டபம். தாய்மாமன் மரியாதையெல்லாம் குறைவில்லாமல் நடந்தது. மாலை போட்டார்கள், மேளம் கொட்டினார்கள். எட்டு வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பெயின்ட் டப்பா அடுக்குகிறவன் என்பது ஒரு அரை நாளைக்கு எனக்கே மறந்துபோனது.

தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கயலின் விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா கையில?" என்றார். ஹாக்கி என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

"மட்டைய வெச்சிக்கினு ஓடுவாங்களே அதா? பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க அதெல்லாம்? நாளைக்கு யாரு கட்டிக்குவான்?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்த ஆளுக்குப் பதில் சொல்லியிருக்கலாம். இல்லை, எழுந்து போயிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்துத் தட்டிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். "கயல், புடி" என்று எறிந்தேன். பட்டுப் பாவாடையோடு நின்றவள் சட்டென்று ஒற்றைக் கையில் பிடித்தாள். சத்தமே இல்லை. "பாத்தீங்களா?" என்றேன். அடுத்தது எறிந்தேன், அதற்கடுத்தது எறிந்தேன். கூட்டம் சேர்ந்துவிட்டது. கை தட்டினார்கள். ஒவ்வொன்றையும் இன்னும் வேகமாக எறிந்தேன்.

"அப்பா, போதும்" என்றாள்.

"இன்னும் ரெண்டு."

கடைசிப் பழத்தை முழு வேகத்தில் எறிந்தேன். கயல் கையைத் தூக்கவில்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். பழம் கன்னத்தில் பட்டு உதடு கிழிந்தது. நான் சிரித்தேன். "பாருங்க, கவனம் செதறிடுச்சு" என்று அந்தப் பெரியவரிடம் சொன்னேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே நாலு போடலாம் போலிருக்கிறது.

அக்கா ஓடிவந்து முந்தானையால் துடைத்தாள். மல்லிகா என்னிடம் வந்து தணிந்த குரலில், "நீங்க மாமனா வரல. வித்த காட்ட வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அப்படியும் மறுநாள் காலை கயல் மாடிக்கு வந்து நின்றாள். எனக்காக வரவில்லை, அந்த ஒரு இடத்துக்காக வந்தாள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நாங்கள் விமானம் ஏறியபோது நான் எறிந்த ஐம்பதில் ஐம்பதும் அவள் கையில் சத்தமில்லாமல் போய் அடங்கியது. என் கையைவிட அருமையான கை. உள்ளதைச் சொன்னால், எனக்குச் சந்தோஷத்தோடு கொஞ்சம் பொறாமையும் இருந்தது. என் வாழ்நாள் வித்தையை ஐந்து வாரத்தில் வாங்கிக்கொண்டாளே என்று வயிற்றெரிச்சல்.

6

தேர்வு இரண்டு நாள். போன சனி, ஞாயிறு.

சனிக்கிழமை தூரத்திலிருந்து அடித்தார்கள். கயல் கோல் வாசலைவிட்டு ஒரு அடி முன்னால் வந்து நின்று ஆடினாள். காலில் பட்டது மூலைக்குப் போனது. நெஞ்சில் பட்டது நெஞ்சிலேயே நின்றது. கிளவுஸுக்கு வந்தது அப்படியே மறைந்தது. கேரன் எழுந்து நின்றுவிட்டாள், முட்டி வலியையும் மறந்து. என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நான் பெரிய மனுஷன் மாதிரித் தலையை ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கிட்டத்திலிருந்து அடித்தார்கள். கிட்டத்தில் ஆள் வந்தால் கோல்கீப்பர் பின்னால் நகர்ந்து கோட்டை ஒட்டி நிற்கவேண்டியிருக்கும். முதல் அடி, தோள் உயரத்தில். கயல் பிடித்தாள். சத்தமில்லாமல் பிடித்தாள். கை பக்கோடு சேர்ந்து பின்னால் போனது. விசில். நடுவர் கோலுக்குள் விரலை நீட்டினார்.

கயலுக்குப் புரியவில்லை. கிளவுஸை விரித்து, உள்ளே இருந்த பக்கைக் காட்டினாள். நடுவர் கோட்டைக் காட்டினார்.

அடுத்த அரை மணி நேரத்தில் இன்னும் இரண்டு முறை அதேதான். முன்னால் ஒரு ரீபவுண்ட்கூட விழவில்லை. மூன்று கோலும் அவள் கைக்குள் இருந்தபடியே போன கோல். மூன்றாவதற்குப் பிறகு முகமூடியைத் தூக்கிவிட்டு, பெற்றோர் உட்கார்ந்திருக்கும் படிக்கட்டில் என்னைத் தேடினாள். நான் செல்போனில் ஏதோ பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

7

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்கு வெளியே கேரன் எங்களை நிறுத்தினாள். கயல் ஈரத் தலையோடு பையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

கேரன் என்னிடம்தான் பேசினாள். இவளை ஐந்து வருஷமாகப் பார்க்கிறேன், இந்தக் கை எனக்குப் புதிது என்றாள். கோடையில் வேறு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம் என்றால் மூன்று வாரத்தில் எடுத்துவிடுவேன், இடத்தை இவளுக்கே தருவேன். யாரும் சொல்லாமல் தானாக வந்தது என்றால் அது பயம். வருவதைப் பார்த்துக் கை பின்வாங்குகிறது என்று அர்த்தம். பயந்த கோல்கீப்பரை நான் எடுக்கமுடியாது, அவளுக்கும் ஆபத்து.

கயல் என்னைப் பார்த்தாள்.

"நோ" என்றேன்.

எங்களைப் போல வந்தவர்களுக்கு இந்த நோ எவ்வளவு சரளமாக வரும் என்று வந்தவர்களுக்குத்தான் தெரியும். சென்னையில் விசாவுக்குக் காகிதம் நிரப்பிக்கொடுத்தவர் சொல்லியனுப்பியதே அதுதான்: அவுங்க இன்னா கேட்டாலும் மொதல்ல நோன்னு சொல்லுங்க சார், அப்புறம் பாத்துக்கலாம். எட்டு வருஷமாக எத்தனை காகிதம்! வியாதி உண்டா, வழக்கு உண்டா, எங்கேயாவது திருப்பி அனுப்பியிருக்கிறார்களா? நோ, நோ, நோ. கட்டம் கட்டமாக டிக் அடித்து அடித்து, கேள்விக்குறியைக் கண்டாலே வாய் அந்தச் சொல்லுக்குத் தயாராகிவிடும். கையெழுத்துப் போட்ட அந்த ஒரு வரியும் ஞாபகம் வந்தது.

சரி, முதல் தடவை வாயில் வந்துவிட்டது என்றே வையுங்கள். கேரன் விடவில்லை. "ஆர் யூ ஷ்யூர்?" என்று இரண்டாம் தடவை கேட்டாள். என் முகத்தையே பார்த்துக் கேட்டாள். அவளும் ஏதோ கண்டுபிடித்திருக்க வேண்டும். யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. கிரிக்கெட் ஆடிய ஒரு கிடங்குக்காரன் நல்ல கோல்கீப்பரைக் கெடுத்துவிட்டான் என்று அந்தப் படிக்கட்டில் உட்காரும் அத்தனை பேரும் பேசுவார்கள் என்று தெளிவாக யோசித்தேன்.

"நோ. நோபடி" என்றேன்.

பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் போகும், அதற்குள் ஏதாவது ஞாபகம் வந்தால் எழுதுங்கள் என்றாள் கேரன். கயலின் தோளைத் தட்டிவிட்டு நொண்டிக்கொண்டே போனாள்.

காரில் ஏறியதும் நான் சும்மா இருந்திருக்கலாம். குற்றம் உள்ளவன் வாய் சும்மா இருக்காது போலிருக்கிறது.

"பயந்துதான கைய இழுத்த? நெஜத்தச் சொல்லு" என்று கேட்டேன்.

கயல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு சிக்னல் தாண்டிய பிறகு, "நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

8

இன்று வெள்ளிக்கிழமை.

ஞாயிறு ராத்திரியே மல்லிகாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "நீங்க எழுதலன்னா நான் எழுதறேன்" என்று கிளம்பினாள். கயல்தான் தடுத்தாள். "வேணாம்மா. அவுங்க அப்பாவத்தான் கேட்டாங்க. அப்பாதான் சொல்லணும்" என்றாள். அதிலிருந்து மல்லிகா எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. கயல் பேசுகிறாள். சாதாரணமாகவே பேசுகிறாள். தினமும் பள்ளிக்கூடம்விட்டு வந்ததும் என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதியாகிவிட்டதா என்று கேட்பதில்லை, பார்க்கிறாள், அவ்வளவுதான்.

இன்று காலை கேரனுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். 'டியர் கேரன்' என்று ஆரம்பித்தேன். அடுத்த வரி வரவில்லை. என் இங்கிலீஷில் எழுதினால் குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கிறது. அழித்தேன். திரும்ப எழுதினேன், அழித்தேன். பிறகு ஊர் நண்பன் கேட்ட கட்டுரை ஞாபகம் வந்தது. தமிழில் ஆரம்பித்தேன். கை நிற்கவே இல்லை. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

மூன்றரைக்குக் கயல் வந்தாள். நான் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"என்னப்பா எழுதுறீங்க?"

"நடந்ததத்தான்."

"எல்லாமா?"

"எல்லாந்தான். நான் கோட்ட அழிச்சது, எலுமிச்சம்பழம், கேரன் ரெண்டு வாட்டி கேட்டது, நான் நோ சொன்னது. ஒண்ணு வுடல."

அவள் முகம் எப்படி மாறியது என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. ஐந்து நாளாக அந்த முகத்தில் இல்லாதது திரும்ப வந்தது. "தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லிக்கொண்டே என் தோளுக்கு மேல் குனிந்து திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழு வயதில் அவள் விட்டுவந்த எழுத்துகள்.

"இது தமிழ்."

"ஊர்ப் பத்திரிகைக்கு."

"கேரனுக்கு?"

"இத முடிச்சிட்டு எழுதறேன்."

கயல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு வரி போதும்ப்பா" என்றாள். அப்படியே எதிர் சோபாவில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மல்லிகா வேலையிலிருந்து வந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போனாள். நான் ஐந்தாம் பகுதியில் சில இடங்களைத் திருத்தினேன். பாஷா பேசியதைக் கொஞ்சம் சரிசெய்தேன். இந்தக் கடைசிப் பகுதியை மூன்று தடவை மாற்றி எழுதினேன். நடுவில் ஒருமுறை "அப்பா" என்று கூப்பிட்டாள். "தோ, ஆயிடுச்சு" என்றேன்.

இப்போது மணி ஐந்தேகால். சோபாவில் யாரும் இல்லை. கட்டுரை நன்றாக வந்திருக்கிறது.